திரும்பி வர வழி வெச்சிருந்தியா?

இந்த எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். 2019-ல ஒரு ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும், நான் ஒரு சர்வரைத் தொலைச்சேன். திருடு போகல, எரிஞ்சும் போகல. மும்பையில ஒரு டேட்டா சென்டர்ல, தன்னோட ரேக்ல பத்திரமா இருந்துச்சு. ஓடிக்கிட்டும் இருந்துச்சு. ஆனா சென்னையில என் ரூம்ல உக்காந்திருந்த என்னால அதுகிட்ட ஒரு வார்த்தை பேச முடியல.

அந்த சர்வர்ல என்ன இருந்துச்சுன்னா, தென்மாவட்டத்துல ஒரு சின்ன ஊர்ல இருக்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்தோட ரிப்போர்ட் எல்லாம். காலையில ஆறு மணிக்கு வெறும் வயித்தோட சுகர் டெஸ்ட்டுக்கு ஆட்கள் வந்து வரிசையில நிப்பாங்க. அதுக்குள்ள முடிச்சிடலாம்னுதான் ராத்திரி ஆரம்பிச்சேன். பழைய லினக்ஸ், அதை அடுத்த பதிப்புக்கு அப்கிரேட் பண்ணணும், அவ்வளவுதான் வேலை. எல்லாம் ஒழுங்கா முடிஞ்சது. ஒரு பிழைச் செய்தி கூட வரல. ரீபூட்னு தட்டினேன். கனெக்‌ஷன் போச்சு. போகத்தான் செய்யும், ரெண்டு நிமிஷத்துல திரும்ப வரும்னு காத்திருந்தேன். பத்து நிமிஷம் ஆச்சு. அரை மணி நேரம் ஆச்சு. பிங் அடிச்சுக்கிட்டே இருக்கேன், பதிலே இல்ல.

பன்னெண்டு மணிக்கு மேல எங்க டீம்ல இருந்த சீனியர் அண்ணனை எழுப்பினேன். திட்டுவார்னு நினைச்சேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "திரும்பி வர வழி வெச்சிருந்தியாடா?"

வெச்சிருக்கல. இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்வியோட வரலாறுதான்.

உக்காந்திருக்கிற கிளை

முதல்ல இந்த வேலையில என்ன சிக்கல்னு பாத்துடலாம். உங்க லேப்டாப்பை அப்கிரேட் பண்றப்ப ஏதாவது சொதப்பினா, திரை உங்க முன்னாடி இருக்கு, கீபோர்டு கையில இருக்கு. தூரத்துல இருக்கிற சர்வருக்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. உங்களுக்கும் அதுக்கும் நடுவுல இருக்கிறது ஒரே ஒரு கம்பி, அதாவது நெட்வொர்க். அது வழியா உள்ள போறதுக்கு இன்னைக்கு நாம எல்லாரும் பயன்படுத்துற எஸ்எஸ்எச், 1995-ல பின்லாந்துல ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல டாட்டு யுலோனென் எழுதினது. அவங்க பல்கலைக்கழக நெட்வொர்க்ல யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியிருக்காங்க. அதுக்குப் பிறகுதான் அவர் இதை எழுதினார்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. நெட்வொர்க்கை நடத்துறது யாரு? ஆபரேட்டிங் சிஸ்டம். எஸ்எஸ்எச்சை நடத்துறது யாரு? அதே ஆபரேட்டிங் சிஸ்டம். அப்கிரேட்ல நாம மாத்துறது எதை? அதையேதான். உக்காந்திருக்கிற கிளையை நாமளே அறுக்கிற வேலை இது. பெரும்பாலும் கிளை விழறதில்ல. அதனாலதான் அறுக்கிறோம்ங்கிறதே நமக்கு மறந்துபோயிடுது.

இந்த மாதிரி விழுந்த கிளைகள்ல, மனுஷன் கைக்கு எட்டவே எட்டாத தூரத்துல விழுந்தது ஒண்ணு இருக்கு. அதுக்கு நாம செவ்வாய் கிரகத்துக்குப் போகணும்.

வைக்கிங் 1: 1982 நவம்பர்

1976 ஜூலை 20. நாசாவின் வைக்கிங் 1 தரையிறங்கு கலம் செவ்வாயில் இறங்கியது. திட்டமிட்ட ஆயுள் 90 நாள். ஆனால் அது ஆறு வருடத்துக்கு மேல் உழைத்தது. மேலே சுற்றிக்கொண்டிருந்த அதன் துணைக் கலம் 1980-ல் எரிபொருள் தீர்ந்து நின்றுபோனது. அதற்குப் பிறகு, கீழே இருந்த கலம் தன் தட்டு ஆன்டெனாவை நேரடியாகப் பூமியை நோக்கித் திருப்பித்தான் பேசிக்கொண்டிருந்தது. 1982 ஜனவரியில் அந்தக் கலத்துக்கு தாமஸ் மட்ச் நினைவாகப் பெயர் வைத்தார்கள். வைக்கிங் படக்குழுவின் தலைவராக இருந்தவர் அவர். 1980-ல் நம்ம இமயமலையில், நுன் சிகரத்திலிருந்து இறங்கும்போது இறந்துபோனார்.

வருடம் ஆக ஆக கலத்தின் பேட்டரிகள் தளர்ந்தன. பழைய போன் வெச்சிருக்கிறவங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். பூமியில் இருந்த பொறியாளர்கள் நல்ல எண்ணத்தோடுதான் ஒரு முடிவு எடுத்தார்கள்: சார்ஜ் செய்யும் முறையை மாற்றி ஒரு புது மென்பொருளை அனுப்பலாம், பேட்டரி இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். 1982 நவம்பரில் அனுப்பினார்கள்.

அந்தப் புது நிரல் நினைவகத்தில் தவறான இடத்தில் போய் உட்கார்ந்தது. அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்தது என்ன தெரியுமா? ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்கிற தகவல். செவ்வாய் தன்னைத்தானே சுற்றுகிறது. அங்கிருந்து பார்த்தால் பூமி வானத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும். பூமி எங்கே இருக்கும் என்று தெரிந்தால்தான் ஆன்டெனா அந்தப் பக்கம் திரும்ப முடியும். அந்தக் குறிப்பு அழிந்துபோனது.

அடுத்து வந்த நாலு மாதம் ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று ஊகித்து ஊகித்துக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் வரவேயில்லை. 2006-ல் இன்னொரு விண்கலம் மேலேயிருந்து படம் எடுத்தபோது வைக்கிங் 1 அதே இடத்தில் தெரிந்தது. அது எங்கேயும் போகவில்லை. அதோட பேசுகிற வழி மட்டும்தான் போய்விட்டது.

என் சர்வருக்கு ஆனதும் இதுதான்

முதன்முதலா இந்தக் கதையைப் படிச்சப்ப எனக்கு வயித்தைக் கலக்குச்சு. ஏன்னா என் சர்வர்லயும் நடந்தது இதேதான், அளவுதான் வேற.

பழைய லினக்ஸ்ல நெட்வொர்க் கார்டுகளுக்கு ஈத்0, ஈத்1-னு பேரு இருக்கும். எது முதல்ல கண்ணுல படுதோ அது ஈத்0. ரெண்டு கார்டு இருக்கிற மெஷின்ல ஒவ்வொரு ரீபூட்டுக்கும் இந்தப் பேர் இடம் மாற வாய்ப்பு இருந்துச்சு. அதைச் சரி பண்ணத்தான் 2013-ல சிஸ்டம்டி குழு ஒரு புது முறை கொண்டுவந்தாங்க. கார்டு எந்த ஸ்லாட்ல சொருகியிருக்கோ அதை வெச்சே பேர் வைக்கிறது. நல்ல யோசனைதான். ஆனா பழசுலேர்ந்து புதுசுக்கு மாறுற அந்த ஒரு ரீபூட் இருக்கே, அங்கதான் வினை. என் சர்வரோட நெட்வொர்க் ஃபைல்ல 'ஈத்0-க்கு இந்த ஐபி'னு எழுதியிருந்துச்சு. அப்கிரேட்டுக்கு அப்புறம் ஈத்0-ங்கிற பேர்ல யாருமே இல்ல. அதே கார்டு, அதே கேபிள். கூப்பிடுற பேர் மட்டும் மாறிப்போச்சு. சர்வர் பாவம், இல்லாத ஒருத்தருக்காகக் காத்துக்கிட்டே இருந்துச்சு.

இது ரிலீஸ் நோட்ஸ்ல தெளிவா எழுதியிருந்துச்சு. நான்தான் படிக்கல. அதனால இதுல வேற யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஸ்பிரிட்: வழி வெச்சிருந்தவங்க கதை

வைக்கிங்குக்கு 22 வருடம் கழித்து, அதே செவ்வாய். 2004 ஜனவரி தொடக்கத்தில் ஸ்பிரிட் என்கிற ரோவர் இறங்கியது. ஜனவரி 21 அன்று திடீரென்று ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் இருக்கும் தரைநிலையத்தில் அப்போது இடிமழை. முதலில் அதன் மேல்தான் சந்தேகப்பட்டார்கள். மழை விட்ட பிறகும் நிலைமை மாறவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது, ரோவர் தன்னைத்தானே திரும்பத் திரும்ப ரீபூட் செய்துகொண்டிருந்தது. அறுபது தடவைக்கு மேல். இன்னும் மோசம், ராத்திரி தூங்கவும் இல்லை. தூங்காவிட்டால் பேட்டரி காலியாகும். பூமிக்கும் செவ்வாய்க்கும் ஒரு செய்தி போகவே அப்போது சுமார் 11 நிமிடம். இந்த நேரத்தில் அதன் இரட்டை ரோவரான ஆப்பர்ச்சூனிட்டி வேறு நாலு நாளில் தரையிறங்கப் போகிறது. அந்தக் கட்டுப்பாட்டு அறையில் யார் தூங்கியிருப்பார்கள்?

காரணம் கேட்டால் சிரிப்பு வரும். ஃபைல் நிறைய சேர்ந்துவிட்டது. ரோவரில் 256 எம்பி ஃபிளாஷ் நினைவகம். பூமியிலிருந்து போகிற வழியிலேயே சேர்ந்த ஃபைல்கள் அதில் அப்படியே இருந்தன. ரோவர் கண் விழிக்கும்போதெல்லாம் அந்த ஃபைல்களின் பட்டியல் முழுவதையும் ராமுக்குள் ஏற்றும். பட்டியல் பெருத்து ராமில் இடம் போதவில்லை. உடனே ரீபூட். எழுந்ததும் அதே பட்டியல், அதே பிரச்சினை, மறுபடி ரீபூட். டிஸ்க் நிரம்பிப்போய் சர்வர் செத்துப்போனதைப் பார்த்தவங்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பழக்கமானதுதான்.

ஆனால் இந்த முறை ஒரு பின்வாசல் இருந்தது. ஃபிளாஷ் பக்கமே போகாமல் ராமை மட்டும் வைத்து எழுந்திரு என்று சொல்கிற ஒரு கட்டளையை வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே வைத்திருந்தார்கள். அதை அனுப்பினார்கள். ரோவர் நொண்டி நொண்டி எழுந்தது. ஆனால் எழுந்தது. பழைய ஃபைல்களை அழித்து, ஃபிளாஷை ஃபார்மட் செய்து, பிப்ரவரியில் வேலைக்குத் திரும்பியது. ஏப்ரலில் இரண்டு ரோவர்களுக்கும் முழு மென்பொருளையே மாற்றினார்கள். 90 நாள் திட்டமிட்ட ஸ்பிரிட் 2010 மார்ச் வரை பேசியது.

வைக்கிங் ஆட்கள் முட்டாள்கள், ஸ்பிரிட் ஆட்கள் புத்திசாலிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பிரிட் வெற்றிக்கு இரண்டே வருடம் கழித்து, 2006-ல், மார்ஸ் குளோபல் சர்வேயர் என்கிற கலத்தை நாசா இழந்தது. பத்து வருடமாக நன்றாக ஓடிய கலம். அந்த ஜூனில் ஒரு சின்னத் திருத்தம் அனுப்பினார்கள். அது தவறான நினைவக முகவரியில் எழுதப்பட்டது. ஐந்து மாதம் யாருக்கும் தெரியவில்லை. நவம்பர் 2-ம் தேதி சோலார் பலகையைத் திருப்பச் சொன்னபோது வெடித்தது பிரச்சினை. கலம் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்துத் திரும்பியதில் ஒரு பேட்டரி நேராக வெயிலில் காய்ந்தது. சரி, உதவி கேட்கலாமே? அவசர காலத்தில் ஆன்டெனாவைப் பூமிப் பக்கம் திருப்புகிற தகவலும் அதே தவறான திருத்தத்தில் கெட்டுப்போயிருந்தது. மறுபடியும் ஆன்டெனா. 24 வருடம் கழித்து, அதே கிளை.

பூமியில் போட்ட பின்வாசல்கள்

சரி, பூமிக்கு வருவோம். சர்வர் பார்த்துக்கிறவங்க இத்தனை வருஷத்துல என்ன கத்துக்கிட்டாங்க?

மெயின் கம்பி போனா உள்ள போக இன்னொரு கம்பி வேணும். இன்டர்நெட் வேகம் கூடுறதுக்கு முன்னாடி, சர்வரோட சீரியல் போர்ட்ல ஒரு மோடத்தை மாட்டி வெச்சிருப்பாங்க. நெட்வொர்க் செத்தா போன் போட்டு உள்ள போகலாம். 1998-ல இன்டெல், டெல், எச்பி, என்இசி சேர்ந்து ஐபிஎம்ஐ-ங்கிற ஒரு பொது முறையை வெளியிட்டாங்க. சர்வருக்குள்ளயே இன்னொரு குட்டி கம்ப்யூட்டர். அதுக்குத் தனி மென்பொருள். பெரிய கம்ப்யூட்டர் மயங்கிக் கிடந்தாலும் கரண்ட் இருந்தா இது முழிச்சிருக்கும். இது மூலமா சர்வரை அணைச்சு எழுப்பலாம், அது என்ன சொல்லுதுன்னு பாக்கலாம். ஆனா இது ஒரு பின்வாசல்ங்கிறதால பூட்டும் வேணும். திறந்துபோட்டா திருடனும் அது வழியாத்தான் வருவான்.

அடுத்தது, பதில் வரலன்னா பழைய நிலைக்குப் போயிடுங்கிற ஏற்பாடு. ஜூனிப்பர் ரவுட்டர்கள்ல ஒரு கட்டளை இருக்கு. மாத்தத்தைச் செய், பத்து நிமிஷத்துக்குள்ள நான் வந்து 'சரி'ன்னு சொல்லலன்னா பழையபடி திரும்பிடு. நீங்க வெளிய மாட்டிக்கிட்டா 'சரி' சொல்ல உங்களால முடியாது. அதனால அது தானா திரும்பிடும். எவ்வளவு எளிமையான யோசனை பாருங்க.

மூணாவது, பழசை அழிக்காம பக்கத்துல புதுசை வைக்கிறது. உங்க கையில இருக்கிற ஆண்ட்ராய்டு போன்லயே இது இருக்கலாம். 2016-ல வந்த ஆண்ட்ராய்டு 7-லேர்ந்து, பல போன்கள்ல சிஸ்டத்துக்கு ரெண்டு அறை இருக்கு. நீங்க ஒரு அறையில ரீல்ஸ் பாத்துக்கிட்டு இருக்கப்பவே அடுத்த அறையில அப்டேட் ஏறும். புது அறை எழுந்திரிக்கலன்னா போன் பழைய அறைக்கே வந்துடும்.

உபுன்டு சர்வரை எஸ்எஸ்எச் வழியா அப்கிரேட் பண்ணியிருக்கீங்களா? நடுவுல ஒரு எச்சரிக்கை வரும்: 1022-ங்கிற போர்ட்ல இன்னொரு எஸ்எஸ்எச்சை ஆரம்பிக்கிறேன்னு. நம்மில் பல பேர் படிக்காம ஒய் அடிச்சுட்டுப் போயிடுவோம். அப்கிரேட் நடக்கிறப்ப முன்வாசல் அடைச்சுக்கிட்டா உள்ள போறதுக்கு, யாரோ ஒரு புண்ணியவான் யோசிச்சு வெச்ச பின்வாசல் அது. ஆனா ரீபூட் வரைக்கும்தான் அது காப்பாத்தும். நெட்வொர்க்கே எழுந்திரிக்கலன்னா 22-ம் திறக்காது, 1022-ம் திறக்காது.

ரெண்டு வாசலுக்கும் ஒரே சாவி

இங்கதான் அண்ணனோட கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி இருக்கு. வழி வெச்சிருந்தா மட்டும் போதாது. நாம மாத்தப்போற விஷயத்தை அந்த வழி நம்பியிருக்கக் கூடாது.

2021 அக்டோபர் 4 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம ஊர் நேரப்படி ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூணும் சேர்ந்து படுத்துச்சு. சுமார் ஆறு மணி நேரம். அது ஓஎஸ் அப்கிரேட் இல்ல, ஆனா அதே குடும்பம்தான். பராமரிப்பு வேலை நடுவுல கொடுத்த ஒரு கட்டளை, அவங்க டேட்டா சென்டர்களை இணைக்கிற மொத்த நெட்வொர்க்கையும் துண்டிச்சது. தப்பான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலயே ஒரு பிழை இருந்திருக்கு. சரி பண்ணலாம்னா, சரி பண்ற கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பித்தான் இருந்துச்சு. கடைசியில ஆட்களை நேர்ல அனுப்பினாங்க. பாதுகாப்பு ஏற்பாடு பலமா இருந்ததால, அவங்க உள்ள போய் வேலையை ஆரம்பிக்கவே நேரம் ஆச்சு.

2024 ஜூலை 19 இன்னும் பெருசு. க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தோட ஒரு அப்டேட், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத் திரையில நிறுத்துச்சு. 78 நிமிஷத்துல அவங்க அதைத் திரும்பப் பெற்றுட்டாங்க. ஆனா என்ன பிரயோஜனம்? ஏற்கெனவே விழுந்த மெஷின், நெட்வொர்க்கைத் தொடுறதுக்கு முன்னாடியே மறுபடி மறுபடி விழுது. பெரும்பாலான மெஷின்களுக்கு ஒருத்தர் நேர்ல போய், சேஃப் மோடுல எழுப்பி, ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்துச்சு. ஒவ்வொண்ணா. அன்னைக்கு நம்ம நாட்டு விமான நிலையங்கள்ல பேனாவால எழுதின போர்டிங் பாஸ் கொடுத்தாங்களே, அந்தப் படம் உங்க போன்லயும் வந்திருக்கும்.

அதே 2024-ல இன்னொரு செய்தியும் வந்துச்சு. 1977-ல் ஏவிய வாயேஜர் 1, முந்தைய நவம்பரிலிருந்து புரியாத தகவலை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு நினைவகச் சிப் செத்துப்போயிருந்தது. 2,400 கோடி கிலோமீட்டர் தூரம், ஒரு செய்தி போய்ச்சேர 22 மணி நேரத்துக்கு மேல். பொறியாளர்கள் அந்தச் சிப்பில் இருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, நினைவகத்தில் இடம் இருந்த மூலைகளில் வைத்தார்கள். ஏப்ரல் 18 அன்று முதல் துண்டை அனுப்பினார்கள், 20 அன்று பதில் வந்தது. எப்படி முடிந்தது? தகவலைத் தொகுக்கிற கணினிதான் கெட்டுப்போனது. கட்டளையை வாங்குகிற கணினி வேறு. அது நன்றாக இருந்தது. வழி தனியாக இருந்தது.

அந்த நோட்டு

என் கதையை முடிச்சுடுறேன். எங்க மலிவான பிளான்ல தூரத்துலேர்ந்து திரையைப் பாக்குற வசதி இல்ல. டேட்டா சென்டர்ல ஒருத்தர் திரையும் கீபோர்டும் கொண்டுபோய் மாட்டுறதுக்குக் காலை எட்டரை ஆச்சு. போன்ல நான் சொல்லச் சொல்ல அவர் டைப் பண்ணினார். ஒரு ஃபைல்ல கார்டோட பேரை மாத்தணும், அவ்வளவுதான். மூணு நிமிஷ வேலை.

அதுக்கு முன்னாடி, ஆறு மணிக்கு, கை நடுங்கிக்கிட்டே அந்தப் பரிசோதனை நிலையத்து அக்காவுக்கு போன் பண்ணினேன். "அக்கா, சிஸ்டம் இன்னும் வரல, என் தப்புதான்"னு சொன்னேன். அவங்க சாதாரணமா சொன்னாங்க: "பரவால்ல தம்பி, நோட்டுல எழுதிக்கிறோம். இங்க அடிக்கடி கரண்ட் போகும்ல, அதுக்காக எப்பவும் பக்கத்துல ஒரு நோட்டு வெச்சிருப்போம். நீங்க பதறாம பாருங்க."

அன்னைக்குக் காலையில யாரும் ரிப்போர்ட் இல்லாமத் திரும்பிப் போகல. அதுக்குக் காரணம் நான் இல்ல, அந்த நோட்டு. கரண்டையும் நம்பாம, சர்வரையும் நம்பாம இருந்த ஒரு வழி.

இப்பவும் நான் தூரத்து மெஷின்களை அப்கிரேட் பண்றேன். ரிலீஸ் நோட்ஸ் படிக்கிறேன். அதே மாதிரி இன்னொரு மெஷின்ல முதல்ல ஓட்டிப் பாக்குறேன். பேக்கப் எடுத்தா மட்டும் போதாதுன்னு, அதை ஒரு தடவை மீட்டும் பாக்குறேன். கன்சோல் திறக்குதான்னு அப்கிரேட்டுக்கு முன்னாடியே திறந்து பாக்குறேன். எல்லாம் முடிஞ்சு ரீபூட்னு தட்டுறதுக்கு முன்னாடி கையை எடுத்துட்டு, அண்ணன் கேட்ட கேள்வியை ஒரு தடவை எனக்கு நானே கேட்டுக்கிறேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு ராத்திரி இருந்திருக்கும். இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.